நார்விச் அணி ‘கேனரீஸ்’ ஆன கதை

கிழக்கு இங்கிலாந்தின் நார்விச் நகரில் 1902-இல் தொடங்கப்பட்ட கால்பந்துக் கழகம் நார்விச் சிட்டி. அதன் பட்டப்பெயர் ‘கேனரீஸ்’. கேனரி, சிட்டுக்குருவி அளவே உள்ள பாடும் பறவை. அதன் தாயகம் இங்கிலாந்து அல்ல. ஆப்பிரிக்காவுக்கு வடமேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள கேனரி, மதீரா, அசோர்ஸ் தீவுகள். காட்டுக் கேனரியின் உடலில் பச்சை கலந்திருக்கும். பளிச்சென்ற மஞ்சள் நிறம், கூண்டில் வளர்த்தவர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததால் வந்தது.

நார்விச்சுக்கு இந்தப் பறவை வந்ததை நெசவோடு சேர்த்தே சொல்வார்கள். 1565-இல், நலிந்திருந்த துணித் தொழிலை நிமிர்த்துவதற்காக, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து 30 நெசவாளர் குடும்பங்களை நகரம் வரவழைத்தது. மதக் கெடுபிடிக்குத் தப்பி மேலும் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர். நகரத்தார் அவர்களை ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ்’, அதாவது அந்நியர், என்று அழைத்தனர். கேனரி வளர்க்கும் பழக்கம் அவர்களோடு வந்ததாகக் கருதப்படுகிறது. வீட்டுக்குள்ளேயே தறி, பகல் முழுவதும் அதன் முன்னால் வேலை. பக்கத்தில் தொங்கிய கூண்டிலிருந்து வந்த பாட்டுதான் நெசவாளருக்குத் துணை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பொழுதுபோக்கு வணிகமாக வளர்ந்தது. உருண்டு திரண்ட உடலுடைய ‘நார்விச் கேனரி’ தனி இனமாகப் பெயர் பெற்றது. 1870-களில், இறகு உதிர்ந்து முளைக்கும் பருவத்தில் தீனியோடு மிளகாய்த்தூளைக் கலந்து கொடுத்தனர். புதிய இறகுகள் ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் வந்தன. கண்காட்சிப் பரிசுகளும் அந்தப் பறவைகளுக்கே போயின.

கழகத்தின் முதல் பட்டப்பெயர் ‘சிட்டிசன்ஸ்’. சட்டையின் நிறம் நீலமும் வெள்ளையும். 1905-இல் மேலாளராக வந்த ஜான் போமன், பத்திரிகைப் பேட்டி ஒன்றில் நார்விச் என்றதும் நினைவுக்கு வருவனவற்றில் கேனரியையும் குறிப்பிட்டார். பெயர் அணியோடு ஒட்டிக்கொண்டது. 1907-இல் சட்டை மஞ்சளும் பச்சையுமாக மாறியது. 1908-இல் பழைய சுண்ணாம்புக் குழி ஒன்றில் அமைந்த புதிய மைதானத்துக்கு ‘நெஸ்ட்’, அதாவது பறவைக்கூடு, என்று பெயர் வந்தது. 1935-இல் அணி கேரோ ரோடு மைதானத்துக்கு மாறிய பின்னும் பட்டப்பெயர் மாறவில்லை.

1972-இல் வந்த சின்னத்தில், நகரின் பழைய அடையாளங்களான கோட்டையும் சிங்கமும் மேல் மூலையில் சிறிதாக நிற்கின்றன. நடுவில், பந்தின் மேல் உட்கார்ந்திருப்பது கேனரி.