கருப்புத் திரை மாறும்போது காணாமல் போகும் வசதிகள்

கணினியை இயக்கியதும், படங்களும் சாளரங்களும் தோன்றுவதற்கு முன்னால், கருப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடும். அந்தத் திரைதான் கன்சோல். மற்ற மென்பொருள்கள் எல்லாம் படுத்துவிட்டாலும் இது நிற்க வேண்டும். வீட்டில் கணினி வைத்திருப்பவர் கண்ணில் இது படுவதே அபூர்வம். சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கோ இதுதான் கடைசிப் புகலிடம்.

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் போடி மேற்கு மலைக்குள் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதைக்கு அப்பால் 50,000 டன் காந்த இரும்பு, அதன் அடுக்குகளுக்கு நடுவே சுமார் 28,800 உணர்கருவிகள், ஒவ்வொன்றும் தன் தரவை வலைப்பின்னலில் அனுப்பும் என்பது வடிவமைப்பு. மலைக்குள் கூடம் எழவில்லை. 85 டன் சிறு மாதிரி ஒன்று மதுரையில் அமைக்கப்பட்டது. இத்தகைய இடத்தில் நடுராத்திரியில் ஒரு கணினி நின்றுபோனால், எதனால் நின்றது என்று சொல்லும் கடைசி வரிகளைக் கன்சோலில்தான் தேட வேண்டும்.

அப்படித் தேடுபவரின் கை ஷிப்ட் விசையையும் பேஜ்-அப் விசையையும் சேர்த்து அழுத்தும். லினக்ஸ் இயங்குதளத்தில் மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பக் கொண்டுவர நெடுங்காலமாக இருந்த வழி அது. 2020 அக்டோபரில் வெளியான 5.9 பதிப்பில், மென்பொருள் வழியே அதைச் செய்துவந்த பகுதியை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நீக்கினார். ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே எழுதிவிடும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் இருந்தன. திருத்திப் பராமரிக்க ஆளும் இல்லை. பொறுப்பேற்க ஆளில்லாத நிரலை இயங்குதளத்தின் கருவில் வைத்திருக்க முடியாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் அந்த விசையை அழுத்திப் பழகியவர்கள் நிரல் எழுதுபவர்கள் அல்ல, பராமரிக்க முன்வந்திருக்கக்கூடியவர்களும் அல்ல. டிமக்ஸ் போன்ற மென்பொருளைத் திறந்துவைத்தால் பழைய வரிகள் சேமிப்பில் இருக்கும் என்பது மாற்று. எந்திரம் துவங்கும்போதே தடுமாறினால் டிமக்ஸைத் திறப்பதற்கே வழியில்லை.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கன்சோல் மென்பொருள் மொத்தமாகவே மாறியது. சிஸ்கான்ஸ் என்ற பழையது, விஜிஏ என்ற திரை அட்டையின் எழுத்து முறையை நம்பி எழுதப்பட்டது: எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று சொன்னால் போதும், அட்டையே வரைந்துகொள்ளும். யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில் எழும் கணினிகளில் அந்த எழுத்து முறையே கிடையாது. புதிய வரைகலை இயக்கிகள் வந்தபின், வரைகலைத் திரைக்குப் போய்விட்டுக் கன்சோலுக்குத் திரும்பினால் எதுவும் தெரியாது. யூனிகோடும் இல்லை. ஆகவே விடி என்ற புதியது எழுதப்பட்டு, 2016இல் 11.0 பதிப்பில் இயல்நிலை ஆனது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் தானே வரைவது அதன் முறை. அதற்கான விலையும் இருந்தது. சில மெய்நிகர் கணினிகளிலும் தொலைவிலிருந்து பார்க்கும் திரைகளிலும் வரிகள் நகர்வது மந்தமானது. பழைய எழுத்துருக் கோப்புகளையும் விசைப்பலகைக் கோப்புகளையும் வேறு வடிவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. சும்மா இருக்கும் திரையில் பாம்பும் நெருப்பும் பிஎஸ்டியின் குட்டிச் சாத்தானும் உலவிய திரைக்காப்பான்கள் புதியதில் இயங்கவில்லை. இவை விளையாட்டு என்று தோன்றலாம், ஆனால் பத்தாண்டுப் பழக்கம் முறியும்போது முதலில் குறைசொல்லப்படுவது விளையாட்டுப் பொருள்தான். துவக்க அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் பழையதற்குத் திரும்பும் வழியை உருவாக்கியவர்கள் விட்டுவைத்தது நல்ல காரியம்.

இதைவிடக் கனமான இழப்பு லினக்ஸின் கேஎம்எஸ்கான் என்ற மாற்று கன்சோலில் உண்டு. டேவிட் ஹெர்மன் தொடங்கிய இது, கன்சோலைக் கருவிலிருந்து வெளியே எடுத்துச் சாதாரண மென்பொருளாக்குகிறது. ஓட்டை இருந்தாலும் கரு பாதிக்கப்படாது. எழுத்துகளும் அழகாக வரும். ஆனால் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்பீக்கப் கன்சோல் வரிகளைக் கருவுக்குள்ளிருந்தே எடுத்து வாசிக்கிறது. பிரெய்ல் கருவிக்கு அனுப்பும் பிஆர்எல்டிடிஒய், திரையின் எழுத்துகளை அதற்கென்று கரு தரும் கோப்பு ஒன்றிலிருந்து படிக்கிறது. கன்சோல் வெளியே போனால் இரண்டுக்கும் படிக்க எதுவும் இல்லை. கண்ணால் பார்ப்பவருக்குத் திரை நிறைய எழுத்து, விரலால் படிப்பவருக்கு வெற்றிடம். ஸ்பீக்கப் பல ஆண்டு காத்திருந்து கருவில் முழுத் தகுதி பெற்றதும் அதே 5.9 பதிப்பில்தான்.

திரை மாறும்போது வசதியை இழக்கும் அனுபவம் இந்தியாவுக்கு முன்பே உண்டு. கான்பூர் ஐஐடியில் உருவாகி, புணேயின் சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் அட்டையைச் செருகினால், டாஸ் கணினியின் எழுத்துத் திரையில் இந்திய மொழிகள் தெரியும். ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட தரவுத்தள மென்பொருளும் தன்னையறியாமல் தமிழைக் காட்டும். 1991இல் தேசியத் தரமான இஸ்கி குறியீட்டில் பல இந்திய மொழிகளின் ‘க’வுக்கும் ஒரே எண். அதனால் ஒரு பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்துவிட்டு, எழுத்தை மட்டும் தெலுங்குக்கோ தேவநாகரிக்கோ மாற்றிப் பார்க்கலாம். விண்டோஸ் வந்து எழுத்துத் திரை போனதும் அட்டைக்கு வேலையில்லாமல் போனது. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்து முறைக்கும் தனி இடம் கிடைத்தது. பொத்தானைத் தட்டி எழுத்தை மாற்றும் வசதி கைவிட்டுப் போனது.

கன்சோலில் தமிழ் இன்னும் இழுபறிதான். லினக்ஸ் கருவின் கன்சோல் ஒரு நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களையே வைத்துக்கொள்ளும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு தரும், 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற, டேஸ்16 முறையில் 247 எழுத்துகளும் கிரந்தமும் ஆங்கிலமும் சேர்ந்து அதற்குள் அடங்கிவிடும். ஆனால் யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதையடுத்து ஒகரக் குறி. கொம்பை முன்னால் இழுத்துவந்து காலைப் பின்னால் போட வேண்டும் என்பது கன்சோலுக்குத் தெரியாது. கேஎம்எஸ்கான் போன்றவை நல்ல எழுத்துருவைக் கொண்டுவந்தாலும், ஒவ்வொரு குறிக்கும் இத்தனை கட்டம் என்ற விதி தடுக்கிறது. பல முனைய மென்பொருள்கள் பின்பற்றும் அகலப் பட்டியலில் தமிழின் மெய்ப்புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் அகலம் சுழியம், மற்ற உயிர்க்குறிகளுக்கு ஒரு கட்டம். அந்தப் பட்டியலின்படி ‘க்’, ‘கீ’ இரண்டும் ஒரே கட்டத்தில் ஒழுங்காக உட்காரும். ‘கி’யும் ‘கு’வும் இரண்டு கட்டங்களாகப் பிரிந்து நிற்கும்.