பந்தியில் ஓர் இடம்



கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளில் சாப்பாடு பெரும்பாலும் தரையில்தான். நீளமான பந்திப்பாயை விரித்து, இலை போட்டு, வரிசையாக உட்காருவார்கள். எண்பது வயது ஐயாவும் நேற்று நடக்கத் தொடங்கிய பேரனும் ஒரே மட்டத்தில் இருப்பார்கள். குழந்தை விழுவதற்கு அங்கே உயரமே இல்லை. எப்போது பெரியவர்களோடு உட்கார வைப்பது என்ற கேள்வியும் அதிகம் எழுந்திருக்காது.

இன்று நம் இல்லங்களில் சாப்பாட்டு மேசை வந்துவிட்டது. அதன் பக்கத்தில், குழந்தைக்கென்று வார் பூட்டிய உயரமான ஹை சேரும் வந்திருக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் முடிந்து இணை உணவு தொடங்கும் காலத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது குழந்தைக்கு நல்லது. அம்மாவின் இடுப்புக்கும் கொஞ்சம் ஓய்வு. ஆனால் அந்த நாற்காலி ஒரு தீவாகிவிடுகிறது. பல வீடுகளில் குழந்தைக்கு முதலில் தனியாக, கைபேசியைக் காட்டி ஊட்டி முடிக்கிறோம். பிறகுதான் பெரியவர்கள் நிம்மதியாக உட்காருகிறோம். நாற்காலியை விட்டு இறங்கும் வயது வந்ததும் குழந்தை மேசைக்கு வருவதில்லை. வீடு முழுக்க ஓடுகிறது. கிண்ணத்தோடு பின்னால் அம்மாவோ அப்பத்தாவோ ஓடுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, எந்த நாற்காலி என்பதல்ல. பிள்ளை நம்மோடு சேர்ந்து சாப்பிடுகிறதா என்பதே. ஏறக்குறைய ஒரு வயதில் குழந்தை குடும்பத்தின் உணவையே உண்ண முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குப் பிறகும் தனிச் சமையல், தனி நேரம் என்று நீட்டிப்பது பெரும்பாலும் நம் வசதிக்காகத்தான். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. படம் பார்த்துக்கொண்டே வாய் திறக்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரிவதில்லை. என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரிவதில்லை.

இடம் மாற்றுவதற்கு இந்த வயது என்று கட்டாயம் எதுவும் இல்லை. சில பிள்ளைகள் ஒன்றரை வயதிலேயே வாரைக் கழற்றிக்கொண்டு எழுந்து நிற்கும். அப்படி ஏறத் தொடங்கினால் ஹை சேர்தான் ஆபத்து, இறக்கிவிட வேண்டியதுதான். சில பிள்ளைகள் மூன்று வயது வரை அமைதியாக இருக்கும். துணையின்றி உறுதியாக உட்கார முடிகிறதா என்று பார்த்தால் போதும். பெரியவர்கள் நாற்காலியில் உட்கார வைக்கும்போது, மேசை குழந்தையின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். கால் தொங்கக் கூடாது. கீழே ஒரு மனையோ பலகையோ வையுங்கள். கால் ஊன்ற இடமில்லாத பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும். நாம் அதைச் சேட்டை என்போம். மேசைவிரிப்பை எடுத்துவிடுங்கள். இழுத்தால் கொதிக்கும் ரசம் மேலே வரும். இதெல்லாம் தொல்லையாகத் தோன்றினால், நம் முன்னோர் வழி இருக்கவே இருக்கிறது: ஒரு வேளையாவது எல்லாருமே தரையில் உட்காரலாமே.

நம் பக்கத்துச் சமையல் காரம்தான். மிளகாயும் மிளகும் சேர்க்கும் முன் குழந்தைக்குரியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டால், அதே குழம்பு அதற்கும் ஆகும். இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சோறு எல்லாம் பிஞ்சுக் கைக்கு ஏற்றவை. ஆனால் ஐந்து வயது வரை முழு வேர்க்கடலை, முந்திரி வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

சிந்துமே என்கிறீர்களா? சிந்தும். பாண்டிய மன்னன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றின் 188-ஆம் பாடல் இதைப் பற்றியதே. பலரோடு விருந்துண்ணும் பெருஞ்செல்வனாக இருந்தாலும், குறுநடை நடந்து வந்து நெய்ச்சோற்றில் கைவிட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லையென்றால் அந்த வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்கிறான் மன்னன். நாமோ ஈரத்துணியோடு காத்திருந்து, ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைத் துடைத்து, பிள்ளையின் ஆசையையே துடைத்துவிடுகிறோம்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதில்தான் வீடுகளில் சண்டை. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும் என்கிறார் அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர். "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று வளர்ந்த நமக்கு இது கடினம். அப்பத்தாவுக்கு இன்னும் கடினம். அவரிடம் விவாதிப்பதைவிட, பிள்ளையின் பக்கத்தில் அவருக்கும் தட்டு வையுங்கள். அவர் சாப்பிடுவதைப் பார்த்தே அது சாப்பிடும். ஊட்டவே கூடாது என்பதில்லை. அவர் கையால் இரண்டு உருண்டை வாங்கிக்கொள்ளட்டும். எடை கூடவில்லை, எதை விழுங்கினாலும் புரையேறுகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

குடும்பம் ஒன்றாக உண்பதே அரிதாகிவிட்டால், மேசையில் பேச்சுக்குப் பதில் தொலைக்காட்சியும் கைபேசியும் இருந்தால், அதைக் குடும்பம் என்று சொல்வது கடினம் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 நவம்பர் 11 அன்று தமது புதன் மறைக்கல்வியுரையில் கூறினார். பிள்ளையின் கையிலிருந்து கைபேசியை வாங்கும்போது நம்முடையதையும் அலமாரியில் வைக்க வேண்டியிருக்கும்.

முதல் வாரங்களில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது. இறங்கிவிட்டால் விடுங்கள், கிண்ணத்தோடு பின்னால் போக வேண்டாம். உணவுக்கு முன் செபிக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலுவை அடையாளம் நெற்றியில் தொடங்கி மூக்கோடு நின்றுவிடும். பிறகு தன் தட்டைத் தானே இரு கையால் தூக்கி வரச் சொல்லுங்கள். எவர்சில்வர் தட்டுதானே, விழுந்தாலும் சத்தம் மட்டும்தான்.