மண்ணுக்குள் பகையும் துணையும்

மரத்தின் கனியைப் போற்றுவோர் பலர். நிழலைப் போற்றுவோரும் பலர். வேரைப் போற்றுவோர் அரியர். கண்ணுக்குப் புலனாகாத இடத்திலிருந்து மரத்தைத் தாங்குவதும் அதற்கு உணவூட்டுவதும் வேரே. அவ்வேருக்கு நேரும் கேடும் கண்ணுக்குப் புலனாவதில்லை. இலை மஞ்சளித்துக் கிளை காய்ந்த பின்னரே உழவர் அதனை அறிகின்றனர். அப்பொழுது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது.

கடலூர் மாவட்டத்தார்க்கு இது வெறும் தாவரவியல் செய்தியன்று. போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொணர்ந்த முந்திரி, பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரங்களின் செம்மண் நிலத்தைத் தன் சொந்த மண்ணாக்கிக்கொண்டது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பல ஆண்டுகள் வளர்ந்த முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. உழவர்கள் மீண்டும் நட்டு, மீண்டும் காத்திருந்து தோப்புகளை உருவாக்கினர். புயல் வருவதை அறிவிக்க வானிலை ஆய்வு மையம் உண்டு. மண்ணுக்குள் வரும் பகையை அறிவிப்பார் யார்? அதனை நாமேதான் அறிந்துகொள்ளல் வேண்டும்.

நூற்புழு என்னும் உயிர்

மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுள் ஒன்று நூற்புழு. கிரேக்க மொழியில் ‘நேமா’ என்பது நூலைக் குறிக்கும். அப்பொருளையே கொண்டு நூற்புழு எனத் தமிழில் வழங்கும் பெயர், உருவத்தையும் உணர்த்தி நிற்பது மகிழ்தற்குரியது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளத்தைக்கூட எட்டாதவை. இவற்றுள் பயிரை உண்பனவும் உண்டு. பயிரை உண்ணும் பூச்சியைக் கொல்வனவும் உண்டு. ஒரே இனத்தில் பகையும் துணையும் அமைந்திருத்தலே இக்கட்டுரை வலியுறுத்தும் செய்தியாகும்.

பகையான நூற்புழுவின் வாயில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. அதனால் வேரைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். வேர்முடிச்சு நூற்புழு வேரில் முடிச்சுகளை உண்டாக்கும். துளைக்கும் நூற்புழுவோ தென்னை, பாக்கு, வாழை முதலியவற்றின் இளவேர்களைக் குடைந்து அழுகச் செய்யும். 1893இல் பிஜித் தீவின் வாழையில் கண்டறியப்பெற்ற இப்புழு, 1966இல் கேரள வாழையில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. நோயுற்ற கன்றுகளின் வழியே இது ஊர்விட்டு ஊர் செல்லும். ஆதலின், சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் தென்னங்கன்று வாங்குவோர் இலையை மட்டும் நோக்காது வேரையும் நோக்குதல் நலம். வெண்மையான இளவேரில் செம்மஞ்சள் நிறப் புண்கள் தென்படின் ஐயுறல் வேண்டும்.

நஞ்சு கற்பித்த பாடம்

இப்புழுக்களை ஒழிக்க மண்ணில் நஞ்சைச் செலுத்தும் முறையை மேலைநாட்டார் முதலில் கையாண்டனர். அமெரிக்காவில் பாதாம், வாதுமை, திராட்சைத் தோட்டங்களில் டி.பி.சி.பி. என்னும் வேதிப்பொருள் பயன்பட்டது. 1977இல் கலிபோர்னியாவில் அதனைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர் பலர் மகப்பேறு அளிக்கும் ஆற்றலை இழந்தது தெரியவந்தது. 1979இல் அந்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பயன்பாடுகளும் நிறுத்தப்பட்டன. நிலத்தடி நீரில் கலந்த நஞ்சோ எளிதில் அகலவில்லை.

நம் அண்டை மாநிலத்திலும் ஒரு பாடம் உண்டு. காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசுவை ஒழிக்க எண்டோசல்பான் வான்வழியே தெளிக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் உற்ற துயரை நாடறியும். 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்திற்குத் தடை விதித்தது. கொட்டையைக் காக்கப் புகுந்து குழந்தையை இழப்பது எவ்வகை வேளாண்மை?

உயிரால் உயிரை அடக்குதல்

மண்ணில் பகைக்குப் பகை முன்னரே உள்ளது. சில பூசணங்கள் தம் இழைகளால் வலை பின்னி நூற்புழுவைப் பிடித்து உண்ணும். 1888இல் ஜெர்மானிய அறிஞர் சோஃப் இதனை விளக்கினார். 1979இல் பெரு நாட்டில், வேர்முடிச்சு நூற்புழுவின் முட்டைகளுக்குள் புகுந்து அவற்றை அழிக்கும் பூசணம் ஒன்று கண்டறியப்பட்டது. இன்று பர்ப்யூரியோசிலியம் எனப்படும் அப்பூசணம் இந்தியாவிலும் உயிரியல் மருந்தாகக் கிடைக்கின்றது. இதனைத் தொழுவுரத்துடனோ வேப்பம் பிண்ணாக்குடனோ கலந்து வேர்ப்பகுதியில் இடுவர். தென்னையின் வட்டப்பாத்தியில் சணப்பை விதைத்து மடக்கிப் புதைப்பதும் நூற்புழுவைக் குறைக்கும்.

துணையாகும் நூற்புழு

முந்திரிக்குக் கொடிய வேர்ப்பகை ஒரு வண்டின் புழு. தண்டு மற்றும் வேர்த்துளைப்பான் என்பது அதன் பெயர். தாய்வண்டு அடிமரத்துப் பட்டை வெடிப்புகளிலும் வெளித்தெரியும் வேர்களிலும் முட்டையிடும். புழு பட்டைக்கு உட்புறத்தைக் குடைந்து உண்ணும். அடிமரத்தில் பிசினும் மரத்தூள் போன்ற கழிவும் வெளிப்படுவதே முதல் அடையாளம். உணவோட்டம் தடைப்பட்டு இறுதியில் மரமே பட்டுப்போகும்.

இப்புழுவை அடக்கத்தான் துணை நூற்புழு உதவக்கூடும். 1992இல் கோயம்புத்தூரில், கரும்பின் நுனிக்குருத்துப் புழுவிலிருந்து பிரித்தெடுத்து உலகிற்கு அறிவிக்கப்பட்ட ஓர் இனம் ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா. நம் தமிழ்மண் தந்த கொடை இது. பூச்சிப்புழுவின் வாய், மூச்சுத்துளை வழியே இது உட்புகுந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை வெளியிடும். ஓரிரு நாளில் பூச்சி மடியும். அவ்வுடலிலேயே பெருகிய புதிய நூற்புழுக்கள் அடுத்த இரையைத் தேடிப் புறப்படும். கருநாடகத்தின் புத்தூரிலுள்ள முந்திரி ஆராய்ச்சி இயக்குநரகத்தின் ஆய்வகச் சோதனைகளில், இத்தகைய நூற்புழுக்கள் வேர்த்துளைப்பான் புழுக்களைக் கொன்றன. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், வேர்ப்புழுக்களுக்கு எதிராக இதனைத் தூள் வடிவில் உருவாக்கியுள்ளது.

எனினும், இது மந்திரமன்று. வெயிலும் வறட்சியும் நூற்புழுவைக் கொன்றுவிடும். ஆதலின் ஈரமண்ணில், மாலை வேளையில் இடுதல் வேண்டும். கழிவு அடைத்த சுரங்கத்தினுள் இருக்கும் புழுவை எட்டுவதும் எளிதன்று. எனவே அடிமரத்தை அடிக்கடி நோக்கல், புழுவைத் தோண்டி எடுத்தல், பட்டுப்போன மரத்தை வேருடன் அகற்றல் ஆகிய பழைய கடமைகள் நீங்கா. உயிரியல் முறை உழைப்பிற்கு மாற்றன்று, உழைப்பிற்குத் துணை.

நிறைவாக

விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலமும் நம் அருகிலேயே உள்ளன. உழவர் வீட்டு மாணவர்கள் அங்குச் சென்று வினவி, அறிந்ததைத் தந்தைக்கும் பாட்டனார்க்கும் எளிய தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். ஒருவர் நட்ட மரத்தில் மனிதரோ பறவையோ விலங்கோ உண்பது நட்டவர்க்கு அறமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நடுவது அறமெனின், நஞ்சின்றி அதன் வேரைக் காப்பதும் அவ்வறத்தின் தொடர்ச்சியே ஆகும்.