மைனஸ் பத்து சொல்வது என்ன?

வங்கிச் செயலியைத் திறந்ததும் ‘புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்டேட் செய்யவும்’ என்று ஒரு திரை மறித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் போதும். பிளே ஸ்டோரைத் தேடிப் போகாமலே புதிய பதிப்பு இறங்கிவிடும், செயலி தானே மறுபடி திறந்துகொள்ளும். ஆண்ட்ராய்டுக்கு இந்த வசதியை கூகுள் 2018 நவம்பரில் அறிவித்தது. 2019 மே மாதம் எல்லா டெவலப்பர்களுக்கும் திறந்துவிட்டது. நமக்கு இது அரை நிமிட வேலை. இதை எழுதிச் சோதிக்கும் டெவலப்பருக்கோ ஒரு மாலைப் பொழுதே போய்விடும். அவருடைய மேசையில் இருக்கும் போனில் இது பெரும்பாலும் ஓடாது.

ஓடாதபோது செயலியின் இயக்கப் பதிவில் (லாகில்) தென்படும் எண்களில் பிரபலமானது -10. ‘இந்தப் போனில் உள்ள எந்தக் கணக்குக்கும் இந்தச் செயலி சொந்தமில்லை’ என்பது அதன் பொருள். செயலியை எழுதியவரிடமே இப்படிச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும். அவர் உடனே தன் நிரலை, அதாவது கோடைத் துருவ ஆரம்பிப்பார். தேவையில்லை, கோடு அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்.

காரணம், அப்டேட் வேலையைச் செய்வது செயலியே அல்ல. ‘என்னைவிடப் புதிய பதிப்பு இருக்கிறதா?’ என்று கேட்பதோடு அதன் பங்கு ஏறக்குறைய முடிந்தது. விடை சொல்வது, இறக்குவது, நிறுவுவது எல்லாம் அதே போனில் இருக்கும் பிளே ஸ்டோர். அது தன் பதிவேட்டைப் பார்த்துத்தான் பேசும். கணினியிலிருந்து கேபிள் வழியாக நேரே ஏற்றிய செயலி, கட்டி முடித்துக் குடியேறிய பின்னும் பட்டா வாங்காத வீடு. குடியிருக்கலாம், பதிவேட்டில் பெயர் இராது. பிளே ஸ்டோரிலிருந்து ஒரு தடவையாவது அந்தக் கணக்கு செயலியை வாங்கியிருந்தால்தான் ‘சொந்தம்’. சோதிப்பவர்களுக்கான டெஸ்டர் பட்டியலில் ஒரு மின்னஞ்சலைச் சேர்த்துவிட்டு, போனில் வேறு கணக்கோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

சொந்தம் நிரூபணமான பிறகும் கையொப்பம் என்ற தடை இருக்கிறது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் ஒரு ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் இடப்பட்டது. பழைய பதிப்பின் கையொப்பமும் புதியதன் கையொப்பமும் ஒத்துப்போகாவிட்டால் ஆண்ட்ராய்டு ஒன்றன்மேல் ஒன்றை நிறுவ விடாது. போலிச் செயலி அப்டேட் வேடத்தில் நுழையாமல் காப்பது இந்த விதி. மேசையில் தயாராகும் சோதனைப் பதிப்பில் இருப்பது ‘டீபக்’ எனப்படும் சோதனைச் சாவியின் கையொப்பம். ‘அதனால் என்ன, ரிலீஸ் பதிப்பையே ஏற்றுகிறேன்’ என்றாலும் தப்ப முடியாது. 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளை ‘ஆப் பண்டில்’ என்ற தொகுப்பு வடிவில்தான் பிளே ஸ்டோருக்குக் கொடுக்க வேண்டும்; இறுதிக் கையொப்பத்தை கூகுள் தன்னிடம் உள்ள சாவியால் இடுகிறது. டெவலப்பர் கையில் இருப்பது பெரும்பாலும் பதிவேற்றுவதற்கான சாவி மட்டுமே. ஆகவே அவர் கணினியில் பிறந்த ரிலீஸ் பதிப்பும் பயனர் போனில் உள்ள செயலியும் பார்வைக்கு ஒன்று, கையொப்பத்தில் வேறு.

இந்தத் தடைகளைத் தாண்டிச் சோதிப்பதற்கென்றே, டெவலப்பர்கள் செயலியைப் பதிவேற்றும் பிளே கன்சோலில் ‘இன்டர்னல் ஆப் ஷேரிங்’ இருக்கிறது. பதிவேற்றினால் ஒரு இணைப்பு கிடைக்கும். பிளே ஸ்டோர் அமைப்புகளில் பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால் அதற்கான சுவிட்ச் தலைகாட்டும் (யார் கண்டுபிடிப்பது இதை!). பழைய பதிப்பை அந்த வழியில் நிறுவ வேண்டும். புதியதன் இணைப்பைத் திறக்க வேண்டும்; ஆனால் அங்கே தெரியும் அப்டேட் பொத்தானைத் தொடக்கூடாது. பிறகு செயலியைத் திறந்தால் அழைப்பு வரும். இந்த வழியில் வரும் பதிப்புகளுக்குத் தனிச் சாவியால் கையொப்பம் இடுவதால், பழையது, புதியது இரண்டுமே இதே வழியில் வந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் 2.3.1 போன்ற பதிப்புப் பெயரை பிளே ஸ்டோர் சட்டை செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெர்ஷன் கோட் என்ற முழு எண் கூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். வழக்கமான வெளியீட்டில் அதே எண்ணை மறுபடி கொடுத்தால் கன்சோல் திருப்பி அனுப்பிவிடும். இன்டர்னல் ஷேரிங் அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அப்டேட் மட்டும் வராது, பிழைச் செய்தியும் வராது.

லாகில் -10க்குப் பதிலாக -6 வந்தால் கோடு பக்கமே போக வேண்டாம். போனில் சார்ஜ் இல்லை அல்லது இடமில்லை. எல்லாம் சரியாக இருந்தும் அப்டேட் தெரியவில்லையா? பிளே ஸ்டோர் பழைய விடையையே நினைவில் வைத்திருக்கலாம். அதை முழுவதுமாக மூடிவிட்டுத் திறந்து, நிறுவிய செயலிகளின் பட்டியலைப் பார்த்தால் புதுப்பித்துக்கொள்ளும்.

கோடின் மேல் உண்மையிலேயே குற்றம் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. அப்டேட்டில் இரண்டு வகை: திரையை மறித்து உடனே நடப்பது, பின்னணியில் மெல்ல இறங்குவது. இரண்டாவது வகையில் பதிவிறக்கம் முடிந்ததும் ‘இனி நிறுவலாம்’ என்று செயலிதான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை மறந்தால் எந்த எண்ணும் வராது. இறங்கிய கோப்பு போனில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பிடிக்க பிளே ஸ்டோரே வேண்டாம். கூகுள் தரும் போலி அப்டேட் மேனேஜரை வைத்து, இறங்கியது, ரத்தானது, தோற்றது என்று ஒவ்வொரு நிலையையும் நடித்துக் காட்டச் சொல்லிக் கணினியிலேயே சோதிக்கலாம். அது திரை எதையும் காட்டாது என்பதால் கடைசிச் சோதனைக்கு மட்டும் போனைக் கையில் எடுத்தால் போதும்.