காட்டுக்கோழியும் மலைநாட்டு அடுப்பும்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் தேயிலை மலைகளை ஒட்டிய காடுகளில் விடியற்காலையில் கூவித் திரியும் காட்டுக்கோழி, இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழாத இனமென்பதையும், இலங்கையின் தேசியப் பறவை என்பதையும் நம்முட் பலர் அறிவர்; ஆயினும் அதன் மாமிசத்துக்கு நிகரான ருசி வேறில்லை என்ற எண்ணம் நீங்காமையால், பண்டிகைக் காலத்தில் எவரேனும் இரகசியமாய்க் கொண்டுவந்தால் வாங்குவோர் இல்லாமற் போவதில்லை.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அப்பறவையைக் கொல்லுதல் மாத்திரமன்று, அதன் மாமிசத்தை விற்பதும் வைத்திருப்பதுங்கூடக் குற்றமாகும். ஆதலால், வேட்டையாடியவன் வேறொருவன் என்று கூறி வாங்கியவர் தப்புதல் இயலாது. தண்டப்பணத்தோடு, நீதிமன்றத்துக்கு நடந்து நாட்சம்பளம் இழப்பதும் தோட்டத் தொழிலாளிக்குப் பெரும் பாரம்.

காட்டு மாமிசத்துக்காகக் கட்டப்படும் கம்பிக் கண்ணி பிராணிகளுள் பேதம் பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் அத்தகைய கண்ணியில் அகப்பட்ட அபூர்வமான கருஞ்சிறுத்தையொன்று, உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை பெற்றும் சில நாட்களில் மாண்டது. உயிரோடு கண்ணியில் தவிக்கும் சிறுத்தைக்கு எதிரே, கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணொருத்தி எதிர்பாராது நிற்க நேர்ந்தால் விளையும் ஆபத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணியைக் கண்டவர் தாமே அணுகி அவிழ்க்க முற்படாது, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவித்தல் வேண்டும்.

ருசிக்கு நாட்டுக்கோழியே போதும். ஆனால் முதிர்ந்த நாட்டுக்கோழி நாராய் உலர்ந்துவிடுகிறதே என்பது நம் வீடுகளிற் கேட்கும் முறைப்பாடு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 100 பாகையை எட்டுமுன்பே, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கொழும்பிலே வேகும் நேரம் இங்கே போதாது. நேரம் போதாதென்று தீயைப் பெருக்கினாலும் நீரின் உஷ்ணம் உயர்வதில்லை, நீர்தான் வற்றும்; இதனிடையே கொழுப்புக் குறைந்த நெஞ்சுச் சதை தன் ஈரத்தை இழந்து வறண்டுவிடும். ஆகவே துண்டுகளுக்கு உப்பும் மஞ்சளும் தயிரும் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்து (அவ்வசதி இல்லாதவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வையாது), காலும் தொடையும் முதலில் மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் நெடுநேரம் வேக, நெஞ்சுச் சதையைப் பிற்பாடே சேர்க்க வேண்டும். பிரஷர் குக்கர் உள்ளவர்க்கு உயரத்தின் இடையூறு பெரும்பாலும் நீங்கும். எம்முறையாயினும் சதையின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட்டாலே கிருமிகள் செத்தனவென்று உறுதியாய் நம்பலாம். இறக்கியபின் மூடியைத் திறவாது பத்து நிமிடம் விட்டால் சாறு சதையிலே தங்கும்.

பச்சைக் கோழியைப் பீலியடியில் கழுவும் வழக்கத்தை விட்டுவிடுதல் நன்று. சால்மொனெல்லா முதலிய கிருமிகள் தெறிக்கும் நீரோடு பலர் குடிநீர் பிடிக்கும் குடங்களிலும் பரவக்கூடும்.

கடையில் வாங்குவோர் பற்றுச்சீட்டுக் கேட்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அளித்த உரிமை. கெட்ட இறைச்சி விற்கப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்திலும், சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலுள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முறையிடலாம். எங்கே எப்போது செத்ததென்று அறியாத காட்டு மாமிசத்துக்குச் சுகாதாரப் பரிசோதனையும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. ஆதலால், லயத்து வாசலில் எவரேனும் காட்டுக்கோழி என்று விலை கூறினால், தயவுசெய்து வாங்காதீர்கள்.