சாய்ந்த மக்காச்சோளத்தை மெஷின் எப்படி எடுக்கும்?

2020 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வீசிய 'டெரேச்சோ' புயல்காற்று, லட்சக்கணக்கான ஏக்கர் மக்காச்சோளத்தைச் சாய்த்துவிட்டது. தரையில் கிடக்கும் பயிரை கம்பைன் ஹார்வெஸ்டர் எப்படி எடுக்கும்?

மெஷினின் முன்பக்கக் கூம்புகளைத் தரையை ஒட்டி இறக்கணும். அவை தட்டைக்கு அடியில் நுழைந்து தூக்கும்; செயின்கள் உள்ளே இழுக்கும். ரொம்ப இறக்கினா கல்லும் மண்ணும் உள்ளே போயிடும். பயிர் சாய்ந்த திசைக்கு எதிரா ஓட்டினா பெரும்பாலும் நல்லா தூக்கும். அதனால ஒரு திசையில் மட்டும் அறுத்துட்டு, சும்மா திரும்பி வரணும். நேரமும் டீசலும் கூடத்தான் செய்யும்.

அவசரப்பட்டா? சதுர அடிக்கு ரெண்டு மணி சிதறினாலே ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ போச்சு! தட்டை சிக்கினா, இன்ஜினை ஆஃப் பண்ணாம கையை விடவே கூடாது. சோளம் போனா அடுத்த வருஷம் விளையும், கை விளையாது.