கண்ணில் கட்டு, கழுத்தில் கயிறு... எழும்பூர் “மர்ம மாளிகை”க்குள் நடப்பது என்ன?

சென்னை எழும்பூர் எத்திராஜ் சாலையில் பெரிய பெரிய தூண்களோடு ஒரு பழைய கட்டிடம் இருக்கிறது. பெயர் “பிரீமேசன்ஸ் ஹால்”. 1925-ம் ஆண்டு திறக்கப்பட்டது. சாயங்காலம் ஆனால் கோட்டு, சூட்டு போட்ட ஆசாமிகள் கையில் சின்னப் பெட்டியோடு காரில் வந்து இறங்குவார்கள். கதவு சாத்தப்படும். வெளியாள் யாருக்கும் அனுமதி இல்லை.

“உள்ளே என்னங்க நடக்குது?”

“மண்டை ஓடு வெச்சு பூஜை பண்றாங்களாம்!”

“அதெல்லாம் இல்லீங்க. உலகத்தையே ஆட்டிப் படைக்கிற இல்லுமினாட்டி கும்பலாம்!”

ரோட்டில் பேச்சு இப்படித்தான் போகிறது. இன்று நேற்று அல்ல, வெள்ளைக்காரன் காலத்திலேயே இதே பேச்சுதான். வட இந்தியாவில் இந்த மாதிரி கட்டிடத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் “ஜாதுகர்”. மாயாஜால வீடு என்று அர்த்தம். பம்பாய் பக்கம் இன்னும் ஒரு படி மேலே போய் “சைத்தான் கானா” என்றே சொன்னார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே? சேர நினைப்பவன் எதற்குத் தலையாட்ட வேண்டும்? விவரம் வருமாறு:-

ரூம் போடும் லாட்ஜ் அல்ல!

பிரீமேசன்கள் கூடும் கிளைக்கு “லாட்ஜ்” என்று பெயர். நம்ம ஊர் ஆட்கள் நினைப்பது போல ரூம் போட்டுத் தங்கும் லாட்ஜ் அல்ல. பழைய காலத்தில் இங்கிலாந்தில் மாதா கோவில் கட்டிய கல் கொத்தனார்கள், வேலை நடக்கும் இடத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொள்வார்கள். கருவிகளை வைப்பதும், சாப்பிடுவதும், தொழில் ரகசியம் பேசுவதும் அங்கேதான். அந்தக் கொட்டகைதான் லாட்ஜ்.

நாளாவட்டத்தில் கொத்து வேலை தெரியாத பிரபுக்களும் படித்தவர்களும் அதில் சேர ஆரம்பித்தார்கள். 1717-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி லண்டனில் ஒரு சாராயக் கடையில் நான்கு லாட்ஜுகள் கூடி, “கிராண்ட் லாட்ஜ்” என்ற தலைமைச் சபையை உண்டாக்கின. இன்றைய அமைப்புக்குப் பிள்ளையார் சுழி அதுதான்.

கொத்தனார் போய்விட்டார். அவருடைய சாமான்கள் மட்டும் நின்றுவிட்டன. மூலைமட்டம், காம்பஸ், ரசமட்டம், தூக்குக்குண்டு, சுத்தியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதி. மூலைமட்டம் என்றால் நேர்மை. ரசமட்டம் என்றால் எல்லோரும் சமம். இடுப்பில் வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் லாட்ஜில் உட்கார வேண்டும். காரில் கொண்டு வரும் சின்னப் பெட்டிக்குள் இருப்பது அதுதான்!

கறுப்பு உருண்டை

சேருவதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆணாக இருக்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்ப வேண்டும். எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் “சாமியே இல்லை” என்பவருக்கு இடம் இல்லை.

ஏற்கனவே உறுப்பினராக உள்ள ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஆளைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு ஓட்டு. சீட்டு எழுதுவது இல்லை. ஒரு பெட்டிக்குள் உருண்டை போட வேண்டும். வெள்ளை உருண்டை என்றால் சம்மதம். கறுப்பு என்றால் “வேண்டாம்”. சில லாட்ஜுகளில் ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலே ஆள் அவுட். சிலவற்றில் இரண்டு அல்லது மூன்று விழ வேண்டும். போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது.

சேர்க்கைப் பணம், வருடச் சந்தா, விருந்துச் செலவு, தர்ம நிதி என்று கைக்காசு போகும். குடும்பத்துக்குக் குறை வைத்துவிட்டு இங்கே கொடுக்காதே என்பதும் அவர்களுடைய விதிதான்.

உண்டியல் சோதனை

சேரும் நாளில் நடப்பதுதான் பலரும் கதை கதையாகச் சொல்லும் சமாச்சாரம்.

வாசலில் உருவிய வாளோடு ஒருவர் நிற்பார். அவருக்கு “டைலர்” என்று பெயர். துணி தைக்கிறவர் அல்ல, காவல்காரர். புதிய ஆளிடம் உள்ள காசு, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். கண்ணைக் கட்டுவார்கள். கழுத்தில் கயிறு மாட்டுவார்கள். இடது மார்பு திறந்திருக்கும். ஒரு முழங்காலுக்கு மேல் பேண்டைச் சுருட்டிவிடுவார்கள். உள்ளே நுழையும்போது நெஞ்சில் கத்தி முனை படும்.

பிறகு முழங்கால் போட்டு, வேத புத்தகத்தின் மேல் கை வைத்து சத்தியம் செய்ய வேண்டும். இந்திய லாட்ஜுகளில் கீதை, குரான், பைபிள், கிரந்த சாகிப், ஜெண்ட் அவஸ்தா என்று எல்லா மத நூலும் இருக்கும். அவரவர் வேதம் அவரவருக்கு. சத்தியம் முடிந்ததும் கண் கட்டு அவிழும்.

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. ஏழைகளுக்கு உதவி செய்யுங்கள் என்று அவர் முன்னால் தர்மம் கேட்பார்கள். பையைத் தடவினால் காலணா கிடையாது. அதுதான் வாசலிலேயே வாங்கிவிட்டார்களே! எல்லோர் முன்னாலும் அவர் விழிக்க வேண்டியதுதான். “இல்லாதவன் கஷ்டம் எப்படி இருக்கும்னு இன்னிக்குப் பார்த்தே இல்ல? நாளைக்கு ஒருத்தன் வந்து கையேந்தினா இதை நினைச்சுக்கோ” என்பதுதான் அந்தப் பாடம்.

படிகள் மூன்று. நம்ம ஊர் கொத்து வேலை பாஷையில் சொன்னால் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. மூன்றாவது படியில், ரகசியத்தைச் சொல்ல மறுத்து அடிபட்டுச் செத்த ஹிராம் என்ற தலைமைக் கொத்தனாரின் கதையை நாடகம் போல நடத்துவார்கள். சேருகிறவர்தான் அந்த ஹிராம். தரையில் பிணம் போல படுக்க வைத்து, கை பிடித்துத் தூக்குவார்கள். மண்டை ஓடு வருவது இங்கேதான். நாமும் ஒரு நாள் சாகப்போகிறவர்கள் என்று நினைவுபடுத்தத்தான் அது. பூஜைக்கு அல்ல.

சடங்கு முடிந்தால் சாப்பாடு. லாட்ஜுக்குள் அரசியல் பேசக்கூடாது. மதச் சண்டையும் கூடாது.

ரகசியம் கடையில் கிடைக்கும்!

இந்தச் சடங்கு எல்லாம் 1730-ம் ஆண்டிலேயே லண்டனில் அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது. சாமுவேல் பிரிச்சர்டு என்பவர் புத்தகமாகவே போட்டுவிட்டார். அப்படியானால் பயப்பட என்ன இருக்கிறது?

சடங்கைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சத்தியத்தை எவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதில்தான் வில்லங்கம். “ரகசியத்தை வெளியே சொன்னால் தொண்டை அறுபடட்டும், நாக்கு பிடுங்கப்படட்டும்” என்று அந்தக் காலத்துச் சத்தியத்தில் வார்த்தைகள் இருந்தன. வெறும் வாய் வார்த்தைதான் என்று சொன்னார்கள். ஆனால் ஒரு ஊரில் அது விபரீதமாக முடிந்தது.

மாயமான மோர்கன்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம், பட்டேவியா என்ற ஊர். வில்லியம் மோர்கன் என்பவர், “பிரீமேசன் ரகசியங்களைப் புத்தகமாகப் போடப் போகிறேன்” என்று கிளம்பினார். 1826-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சொற்பக் கடன் ஒன்றுக்காக அவரை ஜெயிலில் போட்டார்கள். இரவில் யாரோ கடனைக் கட்டி வெளியே எடுத்தார்கள். வாசலிலேயே வண்டியில் ஏற்றிக் கடத்திப் போனார்கள். அதோடு சரி. ஆள் என்ன ஆனார் என்று இன்று வரை தெரியாது.

கடத்தல் வழக்கில் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. ஜெயிலுக்குப் போனவர்களில் ஒருவர் ஷெரீப், அதாவது சட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய அதிகாரி! கொலை வழக்கு யார் மேலும் நிற்கவில்லை. விசாரிக்க வேண்டியவர்களே லாட்ஜ் சகோதரர்கள் என்று ஜனங்கள் கொதித்தார்கள். பிரீமேசன் எதிர்ப்புக் கட்சி என்று ஒரு கட்சியே முளைத்து, 1832 ஜனாதிபதி தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெயித்தது.

962 பெயர்கள்

அடுத்தது இத்தாலி. 1981-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி லிச்சியோ ஜெல்லி என்பவருக்குச் சொந்தமான இடங்களில் போலீசார் சோதனை போட்டார்கள். ஒரு பட்டியல் சிக்கியது. “பி-2” என்ற ரகசிய லாட்ஜில் இருந்த 962 பேரின் பெயர்கள். மந்திரிகள், எம்.பி.க்கள், ராணுவத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். பின்னாளில் பிரதமரான பெர்லுஸ்கோனி பெயரும் இருந்தது. சந்தி சிரித்தது. மந்திரிசபை கவிழ்ந்தது.

அதே லாட்ஜைச் சேர்ந்த பாங்கு அதிபர் ராபர்ட்டோ கால்வி 1982 ஜூன் மாதம் லண்டனில் ஒரு பாலத்துக்கு அடியில் தூக்கில் தொங்கினார். உடுப்புக்குள் செங்கல் துண்டுகள்! முதலில் தற்கொலை என்றார்கள். பிறகு கொலை என்று தெரிந்தது. 2007-ல் ரோம் கோர்ட்டு ஐந்து பேரையும் விடுதலை செய்தது. கொன்றவன் யார் என்பது தெரியாமலே போயிற்று.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி-2-க்குக் கொடுத்திருந்த அனுமதியை இத்தாலி நாட்டுத் தலைமை லாட்ஜே 1976-ல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் ஜெல்லி தன் இஷ்டத்துக்கு நடத்தினார். யார் யார் உறுப்பினர் என்று சக உறுப்பினருக்கே தெரியாது. ஏப்ரனும் கயிறும் அல்ல, பெயர்களை மறைத்ததுதான் அங்கே விஷமாகிவிட்டது.

போலீசுக்கு உத்தரவு

மூன்றாவது சம்பவத்திலும் ஒரு மோர்கன். டேனியல் மோர்கன் என்ற துப்பறிவாளர் 1987 மார்ச் 10-ந் தேதி லண்டனில் ஒரு மதுக்கடை கார் நிறுத்தத்தில் தலையில் கோடாரி பாய்ந்து கிடந்தார். பல தடவை விசாரணை நடந்தது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. தனி விசாரணைக் குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. புலனாய்வில் முக்கியப் பங்கு வகித்த 10 போலீஸ் அதிகாரிகள் பிரீமேசன்கள். அந்தத் தொடர்பைத் தப்பான வழியில் பயன்படுத்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று குழு ஒப்புக்கொண்டது. ஆனாலும் சந்தேகம் வராமல் இருக்க, போலீஸ்காரர்கள் உறுப்பினர் விவரத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றது. 2025 டிசம்பரில் லண்டன் மாநகர போலீஸ் அப்படியே உத்தரவு போட்டது.

தொண்டை அறுபடும் வார்த்தைகளை இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் 1986-லேயே சத்தியத்தில் இருந்து எடுத்துவிட்டது. நாட்டுச் சட்டத்துக்கு விரோதமாக எந்தச் சத்தியமும் செல்லாது, “நான் பிரீமேசன்” என்று யாரும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது.

சமம் என்றார்கள், ஆனால்...

இந்தியாவுக்கு இந்தச் சங்கம் கிழக்கிந்திய கம்பெனிக்காரர்களோடு கப்பல் ஏறி வந்தது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சியில் சேர்ந்தார். லண்டனில் இருந்து அவருக்கு ஏப்ரனும் சட்டப் புத்தகமும் அன்பளிப்பாக வந்தன. நவாப் மகனுக்கு ரத்தினக் கம்பளம்! சாதாரண ஆளுக்கு?

கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி சேர விண்ணப்பம் போட்டார். “இந்துக்களுக்குச் சாமி பல, ஒரே கடவுளை நம்பாதவர்கள்” என்று முட்டுக்கட்டை போட்டார்கள். வருடக்கணக்கில் போராடி 1872-ல்தான் உள்ளே போனார். 1884-ல் அதே கல்கத்தாவில் நரேந்திரநாத் தத் என்ற இளைஞரும் சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் சுவாமி விவேகானந்தர். 1961 நவம்பர் 24-ந் தேதி இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் வந்தது. தென் மண்டலத்துக்குச் சென்னைதான் தலைமையிடம்.

பெண்களுக்கு? இந்த லாட்ஜுகளில் இன்றும் இடம் இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்த வேறு அமைப்பு 1893-ல் பாரீசில் தொடங்கியது. அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் அன்னிபெசன்ட் அம்மையார். ஆண்கள் லாட்ஜ் அதை அங்கீகரிப்பது இல்லை. கத்தோலிக்கர்களுக்குச் சபையே தடை போட்டிருக்கிறது. 1738-ல் போப்பாண்டவர் போட்ட தடையை 2023-ல் வாடிகன் மறுபடியும் உறுதி செய்தது.

உஷார்!

இல்லுமினாட்டி கதைக்கு வருவோம். அது 1776-ல் ஜெர்மனியின் பவேரியாவில் தொடங்கிய வேறொரு சங்கம். அதில் சில பிரீமேசன்களும் இருந்தார்கள். பத்து வருஷத்துக்குள் அரசாங்கம் தடை போட, கதை முடிந்தது.

ஆனால் மோசடிப் பேர்வழிகளுக்கு அந்தப் பெயர் இன்றும் சோறு போடுகிறது. “உங்களை லாட்ஜ்ல சேர்த்து விடறேன். கோடி கோடியா கொட்டும். முன்பணம் மட்டும் அனுப்புங்க” என்று வாட்ஸ்-அப்பில் வலை வீசுகிறார்கள். பல நாட்டு கிராண்ட் லாட்ஜுகள் இது பற்றி எச்சரிக்கை விட்டிருக்கின்றன.

எந்த உண்மையான லாட்ஜும் போனில் காசு வாங்கி ஆள் சேர்ப்பது இல்லை. நேரில் பார்க்காமல், விசாரிக்காமல், உருண்டை போடாமல் யாரும் உள்ளே போக முடியாது. சேர்ந்தால் பணம் வரும், பதவி வரும் என்று எவனாவது சொன்னால் அவன் பிரீமேசன் அல்ல. பணத்தை அனுப்பாமல் போலீசில் புகார் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நிஜமாகவே சேர ஆசைப்படுகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டு போகலாம். “நான் இங்கே உறுப்பினர் என்று வீட்டிலும் ஆபீசிலும் சொல்ல முடியுமா?” “சகோதரன் தப்பு செய்தால் மறைக்கச் சொல்வார்களா?” முதல் கேள்விக்கு “முடியும்” என்றும், இரண்டாவதற்கு “மாட்டோம்” என்றும் பட்டென்று பதில் வரவேண்டும். பதில் சொல்ல இழுத்தால், கண்ணைக் கட்டுவதற்கு முன்னாலேயே திரும்பிவிடுவது நல்லது.